குழலில் ஒரு துளை: அரைத் தானியங்கி ரைபிள்களின் வாயு இயக்க முறைகள், 1889–1967

வாயுவால் இயங்கும் ரைபிள்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே வழக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். பிஸ்டன் வைத்த ரைபிள் நல்லதா, வாயுவைக் குழாய் வழியே நேராகப் பின்னுக்கு ஊதும் ரைபிள் நல்லதா என்பது அந்த வழக்கு. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட படைக்கல வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்வி இரண்டாம்பட்சமாகவே படுகிறது. வாயு குழலின் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில் எடுக்கப்பட்டது, தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து மாறியபோது அந்த அழுத்தம் என்ன ஆயிற்று என்பவையே பல ரைபிள்களின் தலைவிதியை எழுதின. இக்கட்டுரை அந்த வழியில் செல்கிறது.

அடிப்படை எளியது. தோட்டா வெடித்ததும் பிறக்கும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதில் சிறு பங்கைத் திருப்பிவிட்டால் போல்ட்டைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடலாம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு சூடு என்பதுதான் அரைத் தானியங்கி. திருப்பிவிட்ட வாயு என்ன செய்கிறது என்பதை வைத்து மூன்று வகை. பிஸ்டனும் போல்ட் கேரியரும் ஒன்றாகவே முழுத் தூரமும் ஓடினால் நீள்வீச்சு. பிஸ்டன் ஓர் உதை கொடுத்துவிட்டு நின்றுகொண்டால் குறுவீச்சு. பிஸ்டனே இல்லாமல் குழாய் வழியே வாயு கேரியரை அடைந்தால் நேர்வாயு முறை.

புகையற்ற வெடிமருந்து வருமுன் இவை எதுவும் நெடுநேரம் தாக்குப்பிடித்திருக்காது. கரிமருந்தின் படிவு சிறு துளைகளை விரைவில் அடைத்துவிடும். 1884இல் பிரான்ஸில் போல் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கிய பிறகே பாதை திறந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் பிரவுனிங், துப்பாக்கி வாயிலிருந்து சீறிய காற்று எதிரே இருந்த களைச்செடிகளை அசைப்பதை 1889இல் கவனித்தார் என்பது துப்பாக்கி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. அவர் முதலில் செய்த சோதனையில் குழலில் துளையே இல்லை. வாய்க்கு முன்னால் நடுவில் ஓட்டை உள்ள ஒரு தகட்டைப் பொருத்தி, அதை வின்செஸ்டர் ரைபிளின் நெம்புகோலோடு இணைத்தார். குண்டு ஓட்டை வழியே போனதும் பின்னால் வந்த வாயு தகட்டைத் தள்ளியது. ஆனால் அவரது வடிவமைப்பில் வந்த 1895 கோல்ட் இயந்திரத் துப்பாக்கியில் குழலின் அடிப்பக்கம் துளையிடப்பட்டிருந்தது. துளை வேலை செய்யும் என்பது 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே நிரூபணமாகிவிட்டது என்று பொருள்.

ரைபிள் விஷயத்தில் மட்டும் தயக்கம் நீடித்தது. இயந்திரத் துப்பாக்கியின் குழல் கனமானது. காலாட்படை வீரனின் ரைபிள் குழல் மெலிது. துளையிட்டால் குறி தவறும், துளை விளிம்பு தேயும், உப்பும் கரியும் சேர்ந்து துரு ஏறும் என்று அஞ்சினார்கள். மெக்ஸிகோவின் மானுவெல் மொந்த்ராகோன் அஞ்சவில்லை. சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம் தயாரித்த அவரது 1908 ரைபிள் பிஸ்டனில் இயங்கியது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் அதை விமான வீரர்களுக்குக் கொடுத்தார்கள். பதுங்குகுழிச் சேற்றை அது தாங்கவில்லை. பிரான்ஸ் தன் 1917 ரைபிளை 80 ஆயிரத்துக்கும் மேல் செய்தது. போருக்குப் பின் அவற்றில் பலவற்றின் வாயு வழியை அடைத்துக் கையால் இழுக்கும் ரைபிள்களாக மாற்றிவிட்டது.

துளை வேண்டாம் என்றவர்களுக்கு டென்மார்க்கின் சோரன் பாங் ஒரு வழி காட்டியிருந்தார். பிரவுனிங்கின் தகட்டைப் போலவே, குழல் முடிந்த இடத்தில் ஒரு கூம்பை வைத்து வாயுவைப் பிடிப்பது. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் பணிபுரிந்த ஜான் காரண்டும் இக்கருத்தைக் கைக்கொண்டார். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 ரைபிளின் முதல் வடிவில் குழல் முனைக்கு அப்பால் ஒரு போலி முனை திருகப்பட்டிருந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் வாயு சிக்கி, கீழே உள்ள பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் முன்குறியும் பயனெட்டும் அந்த முனைப்பகுதியையே நம்பியிருந்தன. அது தளர்ந்தால் குறியும் தளரும். உள்ளே படியும் கரியைச் சுத்தம் செய்வதும் பெரும்பாடு.

சுமார் 50 ஆயிரம் ரைபிள்கள் வெளிவந்த பின், 1940இல் காரண்டின் திருத்திய வடிவம் உற்பத்திக்கு வந்தது. முனையிலிருந்து 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் குழலின் அடியில் ஒரு சிறு துளை, அதைத் தழுவி ஒரு துருப்பிடிக்காத எஃகு உருளை. அக்காலத் தோட்டாக்களின் பற்றவைப்புப் பொருள் சுட்டபின் உப்பு போன்ற படிவை விட்டுச்செல்லும் என்பதால்தான் அந்த எஃகு. துளை ஏன் அவ்வளவு முன்னே இருக்கிறது என்பதில்தான் காரண்டின் நுட்பம் தெரிகிறது. குண்டு துளையைக் கடந்த அடுத்த கணமே முனையை விட்டு வெளியேறிவிடும்; அங்கே அழுத்தமும் தணிந்திருக்கும். மென்மையாக, குறுகிய நேரமே தள்ளினால் போதும். இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால் துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் எகிறி, பிஸ்டனையும் போல்ட்டையும் இணைக்கும் வளைவான நீண்ட இயக்கத் தண்டே கோணிவிடும். ரைபிள் எந்த மருந்துக்காகக் கணக்கிடப்பட்டதோ அதற்கே அது விசுவாசமாக இருந்தது. 54 லட்சத்துக்கும் மேல் எம்1 செய்யப்பட்டது.

அமெரிக்கா துளைக்குத் திரும்பிய அதே காலத்தில் ஜெர்மன் படைக்கல அலுவலகம் குழலில் துளை கூடாது என்று விதி எழுதிக்கொண்டிருந்தது. மௌசர், வால்தர் நிறுவனங்களின் 1941 ரைபிள்கள் இரண்டும் பாங் முறையில் முனையிலேயே வாயுவைப் பிடித்தன. இரண்டும் முன்பாரம் மிகுந்தவை, சீக்கிரம் கரி பிடிப்பவை. இந்தப் பிடிவாதத்துக்கு அனுபவக் குறைவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எம்ஜி08, எம்ஜி34, எம்ஜி42 என்று ஜெர்மனி பெருமளவில் நம்பிய இயந்திரத் துப்பாக்கிகள் எல்லாம் பின்னுதைப்பில் இயங்கியவை. வாயுத்துளையோடு பல ஆண்டு பழகிய கைகள் அங்கே குறைவு.

பாடம் கிழக்கு முனையில் கிடைத்தது. சோவியத் வீரர்களிடமிருந்து கைப்பற்றிய டோக்கரெவின் எஸ்விடி-40 ரைபிளில் குழலின் மேல் துளையும் குறுவீச்சு பிஸ்டனும் இருந்தன. அதைப் பார்த்து வால்தர் 1943இல் தன் ரைபிளின் வாயுப் பகுதியை மாற்றியது. துளைக்கு எதிரான விதி அத்தோடு போனது. ஜி43 என்ற அந்த ரைபிள் 4 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

எஸ்விடியை அதன் சொந்த நாடே கைவிட்டதை வைத்துப் பலர் அதைத் தோல்வி என்கிறார்கள். அது நியாயமில்லை. அதன் வாயு ரெகுலேட்டரில் ஐந்து நிலைகள், 1.1 முதல் 1.7 வரை பொறித்த எண்கள் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கின்றன. கடுங்குளிருக்கும் அழுக்குக்கும் ஏற்ப வீரன் தானே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு சாவியும், பயிற்சியும், ஒழுங்காகச் சுத்தம் செய்யும் பழக்கமும் வேண்டும். 1941இல் அவசரமாகத் திரட்டப்பட்ட படைக்கு இவை கிடைக்கவில்லை. பின்னால் வந்த சிமோனோவின் எஸ்கேஎஸ்ஸில் ரெகுலேட்டரே கிடையாது. வீரியம் குறைந்த சிறிய தோட்டா அந்தத் தேவையைக் குறைத்துவிட்டது.

சுவீடனின் ஏஜி எம்/42 எஸ்விடிக்கு நேர் எதிரான சான்று. எரிக் எக்லுண்ட் வடிவமைத்த இந்த ரைபிளில் பிஸ்டனும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பின்னே போய் கேரியரின் முகத்தில் வாயுவை ஊதும். 6.5 மி.மீ. தோட்டா ஒரே தரத்தில் கிடைத்த வரை அது போதுமானதாக இருந்தது. பின்னர் சுவீடன் தயாரிப்பு இயந்திரங்களை எகிப்துக்கு விற்றது. அங்கே 7.92 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த ஹக்கீம் ரைபிளில் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வடிவமைப்பு அதேதான், தோட்டாவும் நாடும் மாறியதால் புதிய உறுப்பு தேவைப்பட்டது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெல்ஜியத்தின் தியுதொன்னே சேவ் வடிவமைத்த எஃப்என் ஃபால் இந்த அனுபவங்களையெல்லாம் உள்வாங்கியது: குறுவீச்சு பிஸ்டன், கையாலேயே திருப்பக்கூடிய ரெகுலேட்டர், கையெறி குண்டை ஏவும்போது வாயுவை முழுதாக அடைக்கும் கேஸ் பிளக். 1962 சீனப் போரில் ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்கும் லீ-என்ஃபீல்டுடன் நின்ற இந்தியப் படைக்கு, அதன்பின் இச்சாப்பூரில் தயாரான எஸ்.எல்.ஆர். இந்த மரபின் வாரிசுதான். அதைக் கையாண்ட படைவீரர்களுக்கும் காவலர்களுக்கும் ரெகுலேட்டர் சரிபார்க்கும் முறை மனப்பாடம். வாயுவைக் குறைத்து வைத்து, ஒற்றைத் தோட்டாவாகச் சுட்டுக்கொண்டே படிப்படியாகக் கூட்டுவார்கள். காலி மேகசினில் போல்ட் பின்னால் பிடித்து நின்றதும், நம்பகத்துக்காக இன்னும் இரண்டு படி கூட்டி வைப்பார்கள். அன்றைக்குக் கையிலிருக்கும் தோட்டாவோடு ரைபிளை இணக்கப்படுத்தும் வேலை இப்படி வீரனின் விரலிலேயே விடப்பட்டது.

யூஜின் ஸ்டோனர் எதிர்த்திசையில் போனார். 1956இல் விண்ணப்பித்து 1960இல் அவர் பெற்ற காப்புரிமையில் வாயு குழாய் வழியே கேரியருக்குள் நுழைந்து, போல்ட்டையே பிஸ்டனாகக் கொண்டு விரிகிறது. ஆகவே இதை சுவீடன் முறையோடு ஒன்றாகச் சேர்ப்பது சரியல்ல. எடை குறைவு, எல்லா விசையும் குழலின் நேர்கோட்டில். வீரன் திருப்ப எதுவும் இல்லை. மருந்தும் துளையும் பொருந்தியிருந்தால் போதும்.

அந்தப் பொருத்தத்தைத்தான் அமெரிக்க ராணுவம் கலைத்தது. ஸ்டோனரின் முறையில் அமைந்த எம்16 ரைபிள் சோதிக்கப்பட்டது ஐஎம்ஆர் வகை மருந்தில். 1964இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. புது மருந்தில் துளையருகே அழுத்தம் கூடி, தொடர் சூட்டின் வேகம் வடிவமைத்த அளவைத் தாண்டியது. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. பலருக்குச் சுத்தம் செய்யும் கருவிகளும் கொடுக்கப்படவில்லை. வியட்நாமில் வெற்றுக் கூடு அறையிலேயே சிக்கிக்கொண்ட ரைபிளோடு வீரர்கள் இறந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான குழு 1967 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை மருந்து மாற்றத்தைக் கடுமையாகச் சாடியது. அந்த ஆண்டுகளில், பின்னோடும் கேரியரைத் தாங்கும் பஃபர் கனமாக்கப்பட்டது, அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது, கருவிகள் வழங்கப்பட்டன, மருந்தில் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட்டின் அளவும் பின்னர் குறைக்கப்பட்டது. ஸ்டோனரின் வாயு முறையை மட்டும் யாரும் மாற்றவில்லை.