வெப்பம் கூடினால் வேகம் குறையும்: தொழிற்கூடங்கள் கவனிக்கத் தவறும் கணக்கு

பிற்பகல் வேளையில் தையல் இயந்திரங்களின் வேகம் குறைந்தால், தொழிலாளியின் அசட்டையே காரணம் என்று முடிவெடுப்பது எளிது. ஆனால் பல சந்தர்ப்பங்களில் காரணம் கூரைக்குக் கீழே தேங்கி நிற்கும் வெப்பமே.

மனித உடலின் உள் வெப்பநிலை சுமார் 37 பாகை செல்சியஸ். வேலை செய்யும் தசைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதை வெளியேற்ற இதயம் தோலை நோக்கி அதிக இரத்தத்தை அனுப்புகிறது, வியர்வை சுரக்கிறது. இலங்கையைப் போல ஈரப்பதன் கூடிய நாடுகளில் அந்த வியர்வை எளிதில் உலர்வதில்லை. அந்நிலையில் வேகத்தைக் குறைப்பது உடலின் தற்காப்பு.

33 முதல் 34 பாகை வரையான வெப்பத்தில், நடுத்தர உடலுழைப்புச் செய்பவர் தமது வேலைத்திறனில் பாதியை இழக்கக்கூடும் என சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2030 இல் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 வீதம் இதனால் இழக்கப்படலாம் எனவும் அது மதிப்பிட்டது. இது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமாகும்.

இந்தியாவில் நெசவு, ஆடை, உருக்கு ஆலைகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வு ஒன்று, வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் ஆலைகளின் ஆண்டு உற்பத்தி சுமார் 2 வீதத்தால் குறைவதாகக் கண்டறிந்தது. குளிரூட்டிய ஆலைகளில் வேலையின் வேகம் குறையவில்லை. ஆயினும் வெப்பத்தால் வேலைக்கு வராதோர் தொகை அங்கும் குறையவில்லை. ஆலை குளிர்ந்தாலும், தொழிலாளி உறங்கும் அறை குளிர்வதில்லை அல்லவா?

பரிகாரம் எப்போதும் பெருஞ்செலவானதல்ல. பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய மின்விளக்குகளுக்குப் பதிலாக எல்.ஈ.டி விளக்குகள் பொருத்தப்பட்டபோது, தளத்தின் வெப்பம் தணிந்து, வெப்பமான நாட்களில் உற்பத்தி மேம்பட்டது. இலங்கையிலும் துல்ஹிரியவில் 2008 இல் திறக்கப்பட்ட எம்.ஏ.எஸ் நிறுவனத்தின் துருலிய தொழிற்சாலை, நீர் ஆவியாகும் முறையில் காற்றைக் குளிர்விக்கும் வகையில் அமைக்கப்பட்டது. காற்றோட்டம், கூரைக்கு வெப்பத்தடுப்பு, குடிநீர், இடைவேளை என்பனவும் பயன் தருபவையே.

நமது ஆடைத் தொழிற்துறையின் பெரும்பான்மையினர் பெண்கள். இலக்கை எட்டினால்தான் ஊக்குவிப்புப் பணம் என்ற முறை உள்ள இடங்களில், வெப்பம் குறைத்த ஒவ்வொரு துண்டும் அவர்களது வருமானத்திலேயே கழிகிறது. வெப்பமானியைப் பார்க்காமல் இலக்கை மட்டும் பார்க்கும் நிர்வாகம், கட்டடத்தின் குறைக்குத் தொழிலாளியிடம் தண்டம் அறவிடுகிறது.