முளையில் தோன்றும் அமிலம்: விற்றமின் சி ஆய்வின் மறக்கப்பட்ட ஓர் அத்தியாயம்

எழுவான்கரை, படுவான்கரை என மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழ்கின்ற மக்களுக்கு முளைத்த தானியம் புதியதொரு பொருளன்று. திருமண வீட்டிலே முளைப்பாலிகை மங்கலப் பொருளாக வைக்கப்படுகின்றது. சேற்று விதைப்பின்போது விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டிய பின்னரே வயலில் வீசுகின்றார்கள். ஊறவைத்த பயறு இரண்டொரு நாளில் வெண்முளை நீட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம்.

அந்த வெண்முளைக்குள்ளே ஓர் இரசாயன அதிசயம் நிகழ்கின்றது. உலர்ந்த பயற்றிலே விற்றமின் சி ஏறக்குறைய இல்லை எனலாம். ஆனால், முளைவிட்ட இரண்டு மூன்று நாட்களில் அது கணிசமாக உருவாகிவிடுகின்றது. மனிதருக்கு மருந்தாகட்டும் என்று பயறு இதனைச் செய்யவில்லை. அப்படியாயின் யாருக்காக, எதற்காகச் செய்கின்றது? இந்த வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில் இந்திய விஞ்ஞானிகளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

கப்பலும் போர்க்களமும்

விற்றமின் சி பற்றிய அறிவு கடலிலே தொடங்கிற்று. ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1601 மே மாதத்தில் தாயகத்தைவிட்டுப் புறப்பட்டு, ஓராண்டுக்கும் மேலான பயணத்தின் பின்னர் 1602 மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். கண்டி மன்னன் விமலதர்மசூரியனைச் சந்திக்க அவர் சென்றதும் இங்கிருந்துதான். அக்காலத்தில் இத்தகைய நெடும் பயணங்களின் பெரும் எமனாக விளங்கியது ஸ்கேர்வி நோய். ஈறு வீங்கி, பற்கள் ஆடி, பழைய காயங்கள் மீண்டும் திறந்து மாலுமிகள் மடிந்தனர். 1747ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், தோடம்பழமும் எலுமிச்சையும் இந்நோயைத் தீர்க்கும் என்பதைப் பரிசோதனை மூலம் காட்டினார்.

முளைத்த தானியத்தின் வரலாறு முதலாம் உலகப் போரோடு தொடர்புடையது. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, இன்றைய ஈராக்கிலுள்ள குத் நகரில் பிரித்தானிய இந்தியப் படை துருக்கியரால் முற்றுகையிடப்பட்டது. குதிரை இறைச்சியை உண்ண மறுத்த இந்தியச் சிப்பாய்களைப் பெருமளவில் பீடித்தது ஸ்கேர்வி. காய்கறி கிடைக்காத அந்தப் போர்முனைக்கு எதை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ஹரியட் சிக், மார்கிரட் ஹியூம் முதலிய பெண் விஞ்ஞானிகள், கினிப்பன்றிகளை வைத்துப் பல்வேறு உணவுகளின் நோய் தடுக்கும் ஆற்றலை அளந்தனர். முழுப் பருப்பை ஊறவைத்து முளைக்கச் செய்து உண்டால் போதும் என்பது அவர்கள் கண்ட எளிய வழிகளில் ஒன்று. தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது என்பதால் முழுத் தானியமே அனுப்பப்பட வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது.

அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தவர் ஹங்கேரியரான அல்பேர்ட் சென்ட் ஜோர்ஜி. 1928ஆம் ஆண்டில் மாட்டின் அதிரீனல் சுரப்பியிலிருந்தும் தோடை, கோவா ஆகியவற்றிலிருந்தும் அவர் பெற்ற அமிலமே விற்றமின் சி என்பது 1932இல் உறுதியாயிற்று. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அமிலத்திற்கு அஸ்கோபிக் அமிலம் என்று பெயர். ஸ்கேர்வியை இல்லாது செய்வது என்பதே அப்பெயரின் பொருள். பெயரே மனிதனின் நோயைச் சார்ந்து அமைந்துவிட்டது. தாவரத்துக்கு அதனால் என்ன பயன் என்ற வினா நெடுங்காலம் பின்வரிசையிலேயே நின்றது.

கல்கத்தாவும் அகமதாபாத்தும்

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் கல்கத்தாவின் பீரேஷ் சந்திர குஹா. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது இலைகளிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்க முயன்ற மனிதாபிமானியும் அவரே. அவரது ஆய்வு மரபிலே வந்த ஐ. பி. சட்டர்ஜி, எந்தெந்த விலங்குகள் இந்த அமிலத்தைத் தாமே ஆக்குகின்றன, எவை அந்த ஆற்றலை இழந்தன என்பதை ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. தவளை சிறுநீரகத்தில் ஆக்குகின்றது, ஆடு ஈரலில் ஆக்குகின்றது, மனிதனால் முடியாது.

தாவரத்தின் பக்கமிருந்து இந்த வினாவைத் தொட்டவர் ஜே. ஜே. சினாய். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கே. கே. நந்தாவுடன் இணைந்து, குளிரும் பகற்பொழுதின் நீளமும் பயிர்களின் பூக்கும் காலத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்ந்தவர் அவர். பின்னர் அகமதாபாத்திலுள்ள குஜராத் பல்கலைக்கழகத்தில் மாணவர் பரம்பரையொன்றை உருவாக்கினார். விதை முளைப்பதிலிருந்து பூப்பது வரை, வளர்ச்சி வேகங்கொள்ளும் கட்டங்களில் எல்லாம் அஸ்கோபிக் அமிலம் பெருகுவதை அவர்கள் அளந்தனர். இந்த அமிலமும் நியூக்கிளிக் அமிலங்களும் புரதங்களும் ஒன்றோடொன்று பிணைந்தே தாவரத்தின் வளர்ச்சியை நடத்துகின்றன என்பது சினாயின் கோட்பாடு. விதையை அஸ்கோபிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து விதைக்கும் பரிசோதனைகளையும் அக்குழு நடத்தியது. 1984இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், தாவரங்களின் வளர்ச்சியிலும் அனுசேபத்திலும் இவ்வமிலத்தின் பங்கை முழுமையாகப் பேசுகின்றது.

அவருடைய வாதத்திலே ஒரு பலவீனம் இருந்தது. இரண்டு பொருட்கள் ஒரே நேரத்தில் பெருகுவதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. சேவல் கூவும்போது பொழுது விடிகின்றது, கூவியதனால் விடிவதில்லை. அமிலத்தை அகற்றிவிட்டுத் தாவரம் என்னவாகின்றது என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். அதற்கான கருவிகள் சினாயின் காலத்தில் இருக்கவில்லை.

தீர்ப்பு

கருவிகள் தொண்ணூறுகளில் வந்தன. 1996இல் அமெரிக்காவின் பற்றீசியா கொங்ளின் குழுவினர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியில், ஓசோன் வாயுவுக்கு எளிதில் கருகும் விகாரம் ஒன்றைக் கண்டனர். அதனிடம் விற்றமின் சி மிகக் குறைவாக இருந்தது. 1998இல் இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் சிமிர்னோவ் குழுவினர், தாவரம் இவ்வமிலத்தை ஆக்கும் பாதையைக் கண்டறிந்தனர். மனோசிலிருந்து கலக்டோசு வழியாகச் செல்லும் அந்தப் பாதை விலங்குகளின் பாதையிலிருந்து வேறானது.

2007இல் அதே எக்செற்றர் குழு, பாதையின் முக்கிய படியொன்றை இயக்கும் இரு பரம்பரையலகுகளையும் ஒருசேர முடக்கியது. விதை முளைத்தது. ஆனால் முளையோடு வளர்ச்சி நின்றது, வித்திலைகள் வெளிறிப்போயின. வெளியிலிருந்து விற்றமின் சி ஊட்டியபோது நாற்று மீண்டும் வளர்ந்தது. தாவரத்திற்கு இந்த அமிலம் இன்றியமையாதது என்பதில் அதன் பின்னர் ஐயமில்லை. ஒளித்தொகுப்பின்போது உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டை அழிப்பதற்கும், எதிலீன் ஓமோனை ஆக்கும் நொதியத்தின் தொழிற்பாட்டிற்கும் அது தேவைப்படுகின்றது.

எனினும் தீர்ப்பு முழுமையாகச் சினாயின் பக்கம் சாயவில்லை. வழமையான அளவில் கால்வாசி அளவே கொண்ட செடிகளும் நன்கு வளர்கின்றன என்பதை 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அமிலம் குறைந்த செடிகள் சில ஆய்வுகளில் பிந்தாமல், முந்தியே பூத்தன. அமிலம் கூடக்கூட வளர்ச்சியும் கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு சரியன்று. சிறிதளவு கட்டாயம் வேண்டும், மிகுதி இடருக்கான சேமிப்பு என்றே கொள்ளவேண்டியிருக்கின்றது.

அந்தச் சேமிப்புத்தான் நமக்கு முக்கியமானது. விற்றமின் சி குறைந்த அரபிடொப்சிஸ் செடி உப்பைத் தாங்க முடியாமல் தவிக்கின்றது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவி, கடலோடு கலக்கும் உவர்நீர் வாவி. அதன் ஓரத்து வயல்களுக்கு உப்பு தீராத பகை. 2004 டிசம்பர் 26 அன்று கடலே வயலுக்கு வந்ததையும் இந்தக் கரை கண்டது. விதையை ஊறவைத்து முளைகட்டும் விவசாயி, அந்த நீரிலே சிறிதளவு அஸ்கோபிக் அமிலத்தைச் சேர்த்தால் உவர் நிலத்தில் நாற்று தாக்குப்பிடிக்குமா என்ற வினா, அகமதாபாத்தில் தொடங்கிய பரிசோதனைகளின் நேரடித் தொடர்ச்சியாகும். பிற நாடுகளில் கோதுமை முதலிய பயிர்களில் இது சோதிக்கப்பட்டு வருகின்றது. நமது நெல்லினங்களிலும் நமது மண்ணிலும் இதனைச் சோதிப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வாவிக்கு அண்மையில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கின்றது; விவசாய பீடம் இருக்கின்றது; உவர் வயல்களும் இருக்கின்றன. சினாயின் நூலை எடுத்துப் படிக்கும் ஒரு மாணவருக்கு அதிலே சரியும் தவறும் கலந்தே கிடைக்கும். இரண்டுமே பயன்படும்.