கேட்டுக்கு உள்ளே

போன மார்கழியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் உள்பாதையை அடைத்துக்கொண்டு யாருடையது என்றே தெரியாத ஒரு கார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தெருவரை தூக்கிப் போனோம். பிழைத்துக்கொண்டார்.

காலையில் புகார் சொல்லப் போனபோது ஏட்டு மரியாதையாகத்தான் பேசினார். "தெருவுல நின்னா இப்பவே எடுத்துடுவேன் ஐயா. கேட்டுக்கு உள்ளே எங்களுக்கு அதிகாரம் இல்லை."

ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை? சட்டப் புத்தகத்தை எடுத்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 127ஆம் பிரிவு: பத்து மணி நேரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றச் சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம், ஆனால் அது 'பொது இடத்தில்' நிற்க வேண்டும். பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமை உள்ள இடமே பொது இடம். 1939 சட்டத்திலும் இதே வரையறைதான். நிலம் யாருடையது என்று அது கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் 1988இல் பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு, ஒரு காப்பீட்டு வழக்கில், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடமும் பொது இடமே என்றது. ஆனால் காவலாளி வைத்துப் பூட்டிய எங்கள் குடியிருப்புக்கு அது எட்டுமா? ஏட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே கார் உள்ளே ஒருவரை மோதிக் கொன்றிருந்தால் போலீஸ் வந்திருக்கும். கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் குற்றத்துக்குச் சட்டம் இடம் பார்ப்பதில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமும் பார்த்தேன். பிரான்சின் 1921 சாலை விதி ஆணையின் தலைப்பிலேயே 'பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த வழிகள்' என்று வருகிறது. சொந்தக்காரர் யாரானாலும் சரி, வழி திறந்திருந்தால் விதி உண்டு. மூடிய இடங்களை என்ன செய்வது? அதற்கு 1970 டிசம்பர் 31இல் தனிச் சட்டமே போட்டார்கள். சாலை விதி செல்லாத இடத்தில் உரிமையின்றி நிறுத்திய வண்டியை, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் கேட்டுக்கொண்டால், அவர் பொறுப்பிலேயே அப்புறப்படுத்தலாம். நம் 127ஆம் பிரிவில் இல்லாதது இந்த ஒரு வாக்கியம்தான்.

சங்கக் கூட்டத்தில் இதை விளக்கினேன். "அதுக்கு பிரான்ஸ் போலீஸையா சார் கூப்பிடறது?" என்று ஒரு பையன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இப்போது காவலாளி ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வெளி வண்டி ஒவ்வொன்றின் எண்ணையும் ஓட்டிவந்தவரின் கைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்.