கொள்ளு ஆய்வுக்கு யார் பணம் தருவார்?

மாரண்டஹள்ளி வட்டாரத்தில் ஒரே உழவரிடம் இரண்டு விதைப் பழக்கம் உண்டு. கிணற்றுப் பாசனத்தில் தக்காளி வைக்க, ஒவ்வொரு பருவமும் நாற்றுப் பண்ணையில் வீரிய ஒட்டு நாற்றைக் காசு கொடுத்து வாங்குவார். மானாவாரி மேட்டில் கொள்ளு விதைக்க, போன மகசூலில் எடுத்து வைத்ததே போதும். கொள்ளு தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருமுறை வாங்கிய ரகம் பல ஆண்டுகள் குணம் மாறாமல் விளையும். விதை நிறுவனங்கள் தக்காளி ஆய்வில் முதல் போடுவதும், கொள்ளுப் பக்கம் எட்டிப் பார்க்காததும் இதனால்தான்.

அந்த வேலையை அரசு ஏற்றது. காவேரிப்பட்டணம் அருகே பையூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், 1988இல் பையூர் 1, 1998இல் பையூர் 2 ஆகிய கொள்ளு ரகங்களைத் தந்தது. பின்னது, கோ 1 ரக விதையில் காமா கதிர் பாய்ச்சி உருவாக்கியது. கதிர் பாய்ச்சுவது சிறுபொழுது வேலை. பிறகு செடி செடியாகப் பார்த்து, தேறியதன் விதையைத் தனி வரிசையாக விதைத்து, குணம் நிலைக்கும்வரை தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்ட வேண்டும். அடுத்து, பல ஊர் வயல்களில் சோதனை. வழக்கமான மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்துக்குள் இது அடங்காது.

1958இன் அறிவியல் கொள்கைத் தீர்மானம் ஆய்வை அரசின் பொறுப்பாகக் கண்டது. இன்று காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் ரூ.50,000 கோடி இலக்கு. அதில் ஏறத்தாழ ரூ.36,000 கோடி அரசு நிதிநிலை அறிக்கைக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது அறிவிப்பின்போது போட்ட கணக்கு. தனியார் துறை ஆய்வை ஊக்குவிக்க 2025இல் ரூ.1 லட்சம் கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு, ஆய்வுக் கருவி வாங்கும் விதிகளும் தளர்ந்தன. உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடே ஆய்வுக்குச் செலவிடும் நாட்டில் இவை வரவேற்கத் தக்கவையே.

ஆனால் நிறுவனப் பணம் லாபம் தெரிகிற இடத்துக்குத்தான் போகும். அது குற்றமும் அன்று. விதையைத் தாமே சேர்த்து வைக்கும் உழவரிடம் விற்பனை ஏது? ஆகவே கொள்ளு, சாமை போன்ற மானாவாரிப் பயிர்களுக்கு, நிறுவனப் பங்கை எதிர்பாராத, பத்தாண்டாவது நிலைக்கிற ஒதுக்கீட்டை அரசு தனியே வைக்க வேண்டும். வட்டார ஆராய்ச்சி நிலையங்களில் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் அதில் சேரும். தக்காளிக்குச் சந்தை இருக்கிறது. கொள்ளுக்கு அரசை விட்டால் வேறு நாதியில்லை.