இளையோரின் முதல் மான்வேட்டை ரைஃபிள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பெரியவர் ஒருவரின் துணையோடு முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகும் சிறுவருக்கோ சிறுமிக்கோ வாங்கித் தரப்படும், அல்லது வீட்டில் இருப்பதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் ரைஃபிள். வேட்டையாடப்படுவது பெரும்பாலும் வெள்ளைவால் மான். மேற்கு மாநிலங்களில் மியூல் மான். எந்தத் தோட்டா சிறந்தது என்ற விவாதம் வேட்டைக் குடும்பங்களில் ஓய்வதேயில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: துப்பாக்கி பிள்ளையின் உடலுக்குப் பொருந்துகிறதா, சுடும்போது அது எவ்வளவு உதைக்கிறது. குறி தவறிய குண்டால் காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். அதைத் தவிர்ப்பது இந்த இரண்டின் கையில்தான் பெரிதும் இருக்கிறது.

சட்டப் பின்னணி

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற வணிகர் 18 வயது நிரம்பாதவருக்கு ரைஃபிள் விற்கக் கூடாது. ஆகவே வாங்குபவர் பெற்றோரோ பாதுகாவலரோதான். பிள்ளை அதைப் பயன்படுத்துவது மாநில விதிகளுக்கு உட்பட்டது. இளம் வேட்டைக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியை 1949இல் முதன்முதலாகக் கட்டாயமாக்கியது நியூயார்க் மாநிலம். இன்று 50 மாநிலங்களிலும் இத்தகைய பயிற்சி உண்டு. பயிற்சியை முடிக்கும் முன்பே, அனுபவமுள்ள பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வேட்டையாடவும் பல மாநிலங்கள் இடம் தருகின்றன. குறைந்தபட்ச வயது எங்கும் ஒன்றுபோல் இல்லை.

எந்தத் தோட்டா செல்லும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கொலராடோவில் மானுக்கு 0.24 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள குண்டு செல்லாது. சமவெளியும் மக்கள் நெருக்கமும் மிக்க ஒஹாயோவில் நீண்ட காலம் ஷாட்கன்தான் வழக்கம். 2014 முதல், கழுத்துச் சுருங்காத நேர்ச்சுவர்க் கூடு கொண்ட ரைஃபிள் தோட்டாக்களுக்கும் அனுமதி உண்டு. கடைக்குப் போகும் முன் அந்த ஆண்டுக்கான மாநில விதிக் கையேட்டைப் படித்துவிட வேண்டும்.

உடலுக்குப் பொருந்துதல்

விசையிலிருந்து பின்கட்டையின் முனை வரையுள்ள நீளமே முதல் அளவு. பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் இது ஏறத்தாழ 13.5 அங்குலம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். கட்டை நீண்டுவிட்டால் பிள்ளை முதுகைப் பின்னுக்கு வளைத்து, கழுத்தை முன்னுக்கு நீட்டி, கையை முழுதாக நீட்டித் துப்பாக்கியைத் தாங்க வேண்டியிருக்கும். பின்கட்டை தோள் குழியில் அமராமல் புயத்தின் மேல் விழும். அங்கே வாங்கும் உதை நெடுநாள் நினைவிருக்கும். தாத்தா சுட்ட ரைஃபிளைப் பேரனுக்குக் கொடுப்பது மனதுக்கு நெகிழ்ச்சியான வழக்கம்தான். ஆனால் அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியது போலத் தொளதொளத்தால் அந்த நெகிழ்ச்சியால் பயனில்லை. கட்டையை அறுத்துக் குட்டையாக்குவதோ, சில ஆண்டுகள் காத்திருப்பதோ மேல்.

சோதிக்க எளிய வழி உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் குழலைத் திருப்பி, பின்கட்டையைப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் வைக்க வேண்டும். சுட்டுவிரலின் முன்சதை இயல்பாக விசையைத் தொட்டால் நீளம் சரி. பிறகு தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் வைத்தால், தலையை அசைக்காமலே கண் ஸ்கோப்புக்கு நேராக வர வேண்டும். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் வகையின் கட்டை ஏறத்தாழ 12.5 அங்குலமே. மாஸ்பெர்க் நிறுவனத்தின் சூப்பர் பேன்டம் ரகத்தில் இடைத்தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும், பிள்ளை வளர வளர நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இது மிகப் பயனுள்ள ஏற்பாடு.

எந்தக் கண் ஓங்கியது என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள சில பிள்ளைகளுக்கு இடக்கண்ணே ஓங்கியிருக்கும். அவர்களுக்கு எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்று வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும்.

உதை

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும் ஆற்றல் அடி-பவுண்டில் கணக்கிடப்படுகிறது. ஏழரை முதல் எட்டரைப் பவுண்டு வரை எடையுள்ள ரைஃபிளில் .243 வின்செஸ்டர் ஏறத்தாழ 9, 6.5 கிரீட்மோரும் 7எம்எம்-08 ரெமிங்டனும் 12 அல்லது 13, .308 வின்செஸ்டர் 16, .30-06 ஏறத்தாழ 18, .300 வின்செஸ்டர் மேக்னம் 26 என்று வரும். 15ஐத் தாண்டினாலே பெரியவர்களில் பலருக்குச் சங்கடம் தொடங்கிவிடுகிறது.

உதைக்குப் பயந்த பிள்ளை சுடும் கணத்தில் கண்ணை மூடும், தோளைச் சுருக்கும், விசையை வெடுக்கென்று இழுக்கும். இந்தப் பழக்கம் ஓரிரு சூட்டிலேயே படிந்துவிடும்; போக்குவதற்கு மாதங்கள் ஆகும். "எங்கள் காலத்தில் .30-06இல்தான் பழகினோம்" என்று பெருமை பேசும் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று செய்த ரைஃபிள் எடை குறைந்தது. எடை குறையக் குறைய அதே தோட்டாவின் உதை கூடும். எட்டுப் பவுண்டில் மென்மையாக இருப்பது ஆறு பவுண்டில் கடுப்பாக இருக்கும். பின்கட்டையில் நல்ல ரப்பர் மெத்தையும், உதை குறைத்துத் தயாரிக்கப்படும் தோட்டாக்களும் இதைத் தணிக்கும். குழல் முனையில் பூட்டும் பிரேக்கும் உதையைக் குறைக்கும். ஆனால் சத்தத்தைச் சுடுபவரின் காதுப் பக்கம் திருப்பிவிடும். பிள்ளைக்கு அது வேண்டாம்.

தோட்டா

1955இல் வெளிவந்த .243 வின்செஸ்டர், .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. தொடக்கநிலையாளருக்கென்று இன்றளவும் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது இதுவே. உதை குறைவு, பாதை நேர், எங்கும் கிடைக்கும். ஆனால் குண்டு சிறியது என்பதால் இடம் பிசகினால் மன்னிக்காது. 100 கிரெய்ன் அளவில், மானுக்கென்று செய்யப்பட்ட குண்டாகவே இருக்க வேண்டும். அதே .308 கூட்டிலிருந்து 1980இல் வந்தது 7எம்எம்-08. இதன் 140 கிரெய்ன் குண்டுக்கு, ஓரளவு கோணல் நிலையில் நிற்கும் மானிலும் ஆழ ஊடுருவும் வலு உண்டு. ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்த 6.5 கிரீட்மோரும் இதற்கு நிகர். உதையைத் தாங்கும் பிள்ளைக்கு இவ்விரண்டில் ஒன்றே நல்ல தேர்வு. வளர்ந்த பிறகும் மாற்றத் தேவையில்லை. மெலிந்த, சிறிய பிள்ளைக்கு .243தான்.

நேர்ச்சுவர்க் கூடு மட்டும் செல்லும் பகுதிகளில் 2019இல் வின்செஸ்டர் அறிமுகப்படுத்திய .350 லெஜண்ட் ஒரு வரப்பிரசாதம். இவ்வகைத் தோட்டாக்களுக்கு அனுமதி வரும் முன் அங்கே பிள்ளைகள் 12 கேஜ், 20 கேஜ் ஷாட்கன்களில் சுடும் ஸ்லக் என்ற ஒற்றைக் குண்டின் உதையைத் தாங்க வேண்டியிருந்தது. நெருங்கிய காட்டில் 1895ஆம் ஆண்டின் பழைய .30-30 இன்றும் போதுமானது.

குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். முழு உலோக உறையிட்டது விரியாமல் துளைத்துச் சென்றுவிடும் என்பதால் பல மாநிலங்கள் அதை மான் வேட்டைக்குத் தடை செய்துள்ளன. ஈயக் குண்டு சிதறினால் அதன் துகள் இறைச்சியில் தங்கும். அதை உண்பது வளரும் பிள்ளைகளுக்குக் கேடு. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றிலும் விலக்கிவிட்டது. செம்புக் குண்டு விலை கூடினாலும் வாங்கத் தக்கது.

இயங்குமுறை

போல்ட் இயக்க ரைஃபிளே முதல் துப்பாக்கிக்கு ஏற்றது. போல்ட்டைப் பின்னிழுத்தால் அறை காலியா என்பது பிள்ளைக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒருங்கே தெரியும். மடித்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் விலை குறைந்தது. முதல் சூட்டிலேயே கவனம் வைக்கப் பழக்கும். ஆனால் அதன் வெளிச் சுத்தியலை இழுத்து நிறுத்தவும், சுடாதபோது மெல்ல இறக்கவும் சிறிய கட்டைவிரலுக்கு வலு போதாமல் போகலாம். .30-30 லீவர் ரைஃபிள்களிலும் இதே ஆபத்து உண்டு. தானியங்கி மறுநிரப்பு வகையைப் பெரிய விலங்கு வேட்டைக்குப் பென்சில்வேனியா அனுமதிப்பதில்லை. அனுமதி உள்ள இடத்திலும் புதியவருக்கு அது வேண்டாம். சுட்டதும் அடுத்த தோட்டா தானாக அறைக்குள் வந்து நிற்கும்.

ஸ்கோப் 2 முதல் 7 மடங்கோ, 3 முதல் 9 மடங்கோ போதும். கண்ணுக்கும் அதற்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி இல்லையென்றால் உதையில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

பயிற்சியும் பாதுகாப்பும்

பழகத் தொடங்க வேண்டியது உதையே தெரியாத .22 லாங் ரைஃபிளில். மான் ரைஃபிளில் ஓர் அமர்வுக்குச் சில தோட்டாக்களோடு நிறுத்திவிட வேண்டும். துப்பாக்கி வெடிப்பின் ஒலி 140 டெசிபலைத் தாண்டும்; காதுச்செருகியும் அதன் மேல் காதுமூடியும் சேர்த்து அணிவிப்பது நல்லது. மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 8 அங்குல வட்டம். வேட்டையில் அமரும் நிலையிலேயே உட்கார்ந்து அந்த வட்டத்துக்குள் தவறாமல் சுடும் தூரமே அந்தப் பிள்ளையின் எல்லை. பெரும்பாலோருக்கு அது 100 கஜத்துக்குள் அடங்கும்.

வேட்டை முடிந்து வீடு திரும்பியதும், அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகம் அறிவுறுத்துவது போல, தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டி வைத்து, தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்ட வேண்டும். ரைஃபிள் பிள்ளையின் பெயரால் வாங்கிய பரிசாக இருக்கலாம். பிள்ளை எவ்வளவு பொறுப்பானதாகவும் இருக்கலாம். சாவி பெரியவரிடமே இருக்கட்டும்.