துப்பறிவோனின் தனியாற்றல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

குற்றத்தைத் துருவிக் காண்பவனுக்கு எத்தகைய தனியாற்றல்கள் வேண்டும்? மேலைநாடுகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து, கதைமாந்தராகத் தம்மைப் பாவித்து ஆடும் விளையாட்டுகள் 1974 முதல் பெருகின. அவற்றுள் துப்பறிவாளனாக வருபவனுக்குத் தடயம் காணல், பொய்யறிதல், மாறுவேடம் என ஆற்றல்களை வகுத்து அளிப்பர். இவ்வாறு வகுத்துக் காணும் மரபு நமக்குப் புதிதன்று.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நள்ளிரவுத் தெருவை நம் கண்முன் நிறுத்துகிறது. நீலக் கச்சை உடுத்து, நூலேணியை இடையிற் சுற்றி, நிலம் அகழும் உளியோடு இருளில் ஒன்றித் திரிகின்றனர் கள்வர். அவர்தம் ஒடுக்கத்தை ஒற்றி அறிகின்றனர் ஊர்காப்பாளர். உறங்காத கண், அஞ்சாத உள்ளம், நூல்வழி வந்த நுண்ணிய தேர்ச்சி, மழை கொட்டும் இரவிலும் கடமை தவறாமை ஆகியவை அவர்தம் ஆற்றல்கள். காவல் தொழிலுக்கும் கல்வி உண்டு என்று அப்புலவர் கருதியது நோக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்தில் இப்பட்டியல் தலைகீழாகிறது. கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் அவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே முதலில் கூறுகின்றனர். அவர்தம் கண் பிழைபடவில்லை. அப்போது பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குரிய எட்டுத் துணைகளை விரிக்கிறான்: மந்திரமும் தெய்வமும், மருந்தும் நிமித்தமும், தந்திரமும் கருவியும், இடமும் காலமும். மழையிரவில் தன் கைவாளைப் பறித்து மறைந்த கள்வன் ஒருவனை இளைய காவலன் நினைவுகூர்கிறான். ஐயம் அச்சமாகிறது. கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கள்வனே கள்வரின் திறன் பற்றிச் சொற்பொழிவாற்ற, அறிந்தோர் வாயடைத்து நின்ற இடம் அது.

அங்கே தடயம் இல்லாமற் போகவில்லை. சிலம்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதன் பரல் எது என்று வினவுவார்தாம் இல்லை. அவ்வினாவை வழக்குரை காதையில் எழுப்பியவள் கண்ணகி. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. மாறுவேடமோ மந்திரமோ வேண்டாத அந்த ஆற்றலை, சான்று கேட்கும் துணிவு எனலாம்.

செர்லாக் ஹோம்ஸ் அச்சில் முதலில் தோன்றிய ஆண்டு 1887. உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல், சிலப்பதிகாரத்தை 1892இல். மதுரையின் ஊர்காப்பாளரும் இலண்டன் துப்பறிவாளரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சேறினர் என்பது வியப்பே. ஆயினும் தமிழ்த் துப்பறியும் புனைகதை இரண்டாமவரையே பின்பற்றிற்று. 1908இல் வெளிவந்த ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' கோவிந்தனைத் தந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாருக்கு மாறுவேடமே பெருந்திறன். அக்கதையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் படமாக்கியபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரருந்திச் சிந்தித்தார்; சுஜாதாவின் கணேஷ் சட்டம் அறிந்தவர். நம் கோவையின் ராஜேஷ்குமார் படைத்த விவேக்கிற்கு அறிவியல் துணைநின்றது.

2006இல் ராபின் லாஸ் என்பார் தம் துப்பறியும் விளையாட்டில் ஒரு விதியை வகுத்தார். இன்றியமையாத தடயம் பகடையின் போக்கால் தவறிப்போகலாகாது; உரிய திறனுடையோன் உரிய இடத்தில் தேடினால் அது கிட்டியே தீரும்; அதற்குப் பொருள் காண்பதே ஆட்டம். இவ்விதியை அறியாமலே கொலைக்களக் காதை அதன் உண்மையை உணர்த்தியிருக்கிறது. காண்பது எளிது, கண்டதை அஞ்சாது கூறி, அதில் நிலைநிற்பதே அரிது.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கொங்கிளங்கோசர் தம் நாட்டில் அந்த நங்கைக்கு விழவெடுத்தனர் என்றும், அதன்பின் மழை பொய்க்கவில்லை என்றும் கூறுகிறது. சான்று கேட்ட ஒருத்தியைத் தெய்வமெனக் கொண்டாடிய மண் இது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார் இதனை மறவாதிருத்தல் நலம். உரத்த குரலில் ஒருவர் எட்டுக் காரணம் அடுக்கும்போது, முதலில் நம் கண் கண்டதை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். கவிஞர்க்கும் வேண்டிய ஆற்றல் அதுவே.