ஸ்கூல்ல 'நேச்சர் கேம்ப்' கூட்டிட்டுப் போறாங்களா? கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை!

"அம்மா, கேம்ப் போறோம், சைன் போடு" என்று பிள்ளைகள் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். கட்டணம் எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு, என்றைக்குத் திரும்பி வருவீங்க... பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் பிள்ளையின் பாதுகாப்பும், அந்த இரண்டு நாளில் அது உண்மையில் எதைக் கற்றுக்கொண்டு வரும் என்பதும் வேறு சில கேள்விகளில்தான் இருக்கின்றன. அவை என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

டூருக்கும் கேம்ப்புக்கும் என்ன வித்தியாசம்?

டூர் என்றால் ஒரே நாளில் நாலு இடம் பார்ப்பது. இயற்கை முகாம் என்றால் ஒரே இடத்தில் தங்கி, அந்த இடத்தை நிதானமாகக் கவனிப்பது. ஏரியோ காடோ கடற்கரையோ, அதுதான் வகுப்பறை. பறவை, மரம், மண், தண்ணீர்தான் பாடம்.

ஒரு அடையாளத்தை வைத்து எளிதில் பிரித்துவிடலாம். நிகழ்ச்சி நிரலில் 'பார்ப்பது' மட்டும் இருந்தால் அது டூர். எண்ணுவது, அளப்பது, எழுதுவது, வரைவது இருந்தால் அது முகாம். நிரலில் டிஜேவும் கேம்ப் ஃபயரும் மட்டும் இருக்கிறது என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது பிக்னிக்தான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1977-ல் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, அப்போதைய சோவியத் யூனியனில் இருந்த ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் ஒரு மாநாடு நடத்தின. சுற்றுச்சூழல் கல்விக்காக அரசுகள் பங்கேற்ற முதல் உலக மாநாடு அது. தகவலைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. அக்கறை, திறன், பங்கேற்பு ஆகியவையும் வளர வேண்டும் என்பதே அங்கு எட்டப்பட்ட முடிவின் சாரம்.

இந்தியாவில், வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான உத்தரவைப் பிறப்பித்தது. பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. பிறகு 2001-02-ல் 'தேசிய பசுமைப் படை' திட்டம் தொடங்கி, பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைக்கப்பட்டன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டாயம் என்பது பாடத்துக்குத்தான், வெளியூர் முகாமுக்கு அல்ல. அனுப்புவதும் அனுப்பாததும் பெற்றோர் விருப்பம்.

முகாமில் பசங்க என்ன செய்வாங்க?

நல்ல முகாமில் ஒரு நாள் கிட்டத்தட்ட இப்படிப் போகும்.

• காலை 6 மணி: பைனாகுலரோடு பறவை பார்ப்பது. இனம், எண்ணிக்கை, நேரம் எல்லாம் நோட்டில் ஏறும்.
• காலை 10 மணி: கயிற்றால் தரையில் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இருக்கும் செடி, எறும்பு, புழு எல்லாவற்றையும் எண்ணுவது. 'வெறும் புல்' என்று நினைத்த இடத்தில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.
• மதியம்: சாப்பிட்ட பிறகு தட்டில் மிஞ்சியதை எடை போடுவது. அடுத்த வேளை அந்த எடை குறைகிறதா என்று பசங்களே பார்ப்பார்கள்.
• மாலை: பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, எந்தத் திசையிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று தாளில் குறிப்பது.
• இரவு: வெள்ளைத் துணியில் விளக்கு வெளிச்சம் பட வைத்து அந்துப்பூச்சி பார்ப்பது, நட்சத்திரம் பார்ப்பது.

இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. தேவைப்படுவது விவரம் தெரிந்த ஒரு வழிகாட்டியும் சிறிய குழுவும்தான். நாற்பது பேர் கும்பலாக நடந்தால் பறவை பறந்துவிடும், பின்னால் நிற்கும் பிள்ளைக்கு எதுவும் காதில் விழாது.

எங்கே, எப்போது போகலாம்?

வேடந்தாங்கல் (செங்கல்பட்டு மாவட்டம்): நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், ஊர் மக்களே பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

வேட்டங்குடி (சிவகங்கை மாவட்டம்): சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக் கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

கோடியக்கரை (நாகப்பட்டினம் மாவட்டம்): வெளிமான்களும், குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளும் இங்கே சிறப்பு.

சென்னைக் கடற்கரை: ஆண்டின் முதல் மாதங்களில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இங்கே 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றி வருகிறார்கள்.

கோடையில் மலைக்காடு வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த காடு எவ்வளவு ஆபத்து என்பதைத் தமிழகம் அன்று பார்த்தது.

அனுமதி தேவையா?

கட்டாயம் தேவை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 27, 28-வது பிரிவுகளின்படி சரணாலயத்துக்குள் போக அனுமதி பெற வேண்டும். முட்டையையோ கூட்டையோ கலைப்பதைக்கூட இந்தச் சட்டம் 'வேட்டை' என்றே வரையறுக்கிறது. எனவே "எங்களுக்குத் தெரிஞ்ச ரூட்டு இருக்கு" என்று காட்டுக்குள் அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உண்மையான ஆபத்து எது?

பெற்றோர் பயப்படுவது பாம்புக்கும் யானைக்கும். ஆனால் பள்ளிப் பயணங்களில் கூட்டமாக உயிர்களைப் பறித்தது தண்ணீர்தான்.

2007 பிப்ரவரி 20 அன்று கேரளாவின் தட்டேக்காட்டில், பறவைகள் சரணாலயம் பார்க்க வந்த பள்ளிக் குழுவின் படகு கவிழ்ந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் நடந்த விபத்தில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் பலியானார்கள். இரண்டு இடத்திலும் எழுந்த குற்றச்சாட்டு ஒன்றுதான்: படகு தாங்கும் அளவைவிட அதிகம் பேர் ஏற்றப்பட்டார்கள். அதாவது, 'ஒரே டிரிப்ல முடிச்சிடலாம்' என்ற அவசரம்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்?
2. வனத்துறை அனுமதி கைக்கு வந்துவிட்டதா? அதன் நகலைப் பார்க்கலாமா?
3. படகு, அருவி, ஆறு, கடல் குளியல் நிரலில் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா?
4. மாணவிகளோடு இரவிலும் தங்கும் பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர்? தங்குமிடம் தனியாக, பூட்டக்கூடியதாக இருக்கிறதா?
5. பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம்? இரவில் வண்டி தயாராக நிற்குமா?
6. ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி உள்ள பிள்ளைகளின் மருந்து யார் பொறுப்பில் இருக்கும்?
7. பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு?
8. முகாமுக்கு முன்னும் பின்னும் வகுப்பில் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் முகாம் கல்வியா, பொழுதுபோக்கா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

பையில் என்ன வைக்கலாம்?

முழுக்கை சட்டை, மூடிய ஷூ, தொப்பி, டார்ச், தண்ணீர் பாட்டில், நோட்டு, பென்சில். உடை பச்சை, பழுப்பு நிறங்களில் இருந்தால் நல்லது. பெர்ஃப்யூம், ஸ்பீக்கர் வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு கவனம் தேவை. இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், "புதர்க்காட்டுப் பக்கம் போயிருந்தான்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

பணம் இல்லை, பள்ளியிலும் ஏற்பாடு இல்லை... என்ன செய்வது?

முகாமுக்குக் காடுதான் வேண்டும் என்பதில்லை. ஊர் ஏரி, கோயில் குளம், பள்ளிக்குள் நிற்கும் ஒரு வேப்பமரம் போதும். வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம் என்று அரை மணி நேரம் பார்த்து எழுதினால், ஒரு வருஷத்தில் பிள்ளையின் கையில் அந்த இடத்தின் வரலாறே இருக்கும். எப்போது பூத்தது, எந்தப் பறவை வரவில்லை, தண்ணீர் எவ்வளவு இறங்கியது, குப்பை எந்தப் பக்கம் கூடியது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஏரிக்கரையில் நாளைக்கு யாராவது லாரியில் மண் கொட்ட வந்தால், அதை முதலில் கவனிக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான்.